உங்கள் மைண்ட் மேப் யாரிடம் இருக்கிறது? லேப்டாப்பா, கிளவுடா... எது பாதுகாப்பு?

2023 செப்டம்பரில் கூகுள் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 'ஜாம்போர்டு' என்ற டிஜிட்டல் ஒயிட்போர்டு சேவை மூடப்படுகிறது என்பதுதான் அது. 2024 அக்டோபரிலிருந்து பழைய பலகைகளைப் பார்க்க மட்டுமே முடிந்தது. புதிதாக ஒரு கோடுகூடப் போட முடியவில்லை. அந்த ஆண்டு முடிவோடு கடையே மூடப்பட்டது. கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புகளிலும், வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் மீட்டிங்குகளிலும் கட்டமும் அம்புக்குறியுமாக வரைந்து தள்ளப்பட்ட பலகைகள் அவை.

கூகுள் ஓராண்டுக்கும் மேல் அவகாசம் கொடுத்தது. வேறு செயலிகளுக்கு மாற்றிக்கொள்ள வழியும் சொன்னது. ஆனால், அறிவிப்பைக் கவனிக்காதவர்களும், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டவர்களும் அந்தப் பலகைகளில் இனி தொடர்ந்து வரைய முடியாது.

மைண்ட் மேப் செயலிகளைப் பயன்படுத்துகிற எல்லோருக்குமே இதில் ஒரு கேள்வி இருக்கிறது. யோசித்து யோசித்து வரைந்த அந்த வரைபடம் இப்போது எங்கே இருக்கிறது? லேப்டாப்பிலா, போனிலா, எங்கோ இருக்கிற ஒரு கம்பெனியின் சர்வரிலா? அந்தச் செயலி நாளைக்கே இல்லாமல் போனால், வரைந்ததைத் திறக்க முடியுமா?

காகிதத்திலிருந்து கிளவுடுக்கு

நடுவில் ஒரு சொல். அதிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து குட்டிக் கிளைகள். இவ்வளவுதான் மைண்ட் மேப். தகவல்களை மரம் போல விரித்து வரையும் பழக்கம் ரொம்பப் பழையது. 'மைண்ட் மேப்' என்ற பெயரோடு அதைப் பரவலாக்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த டோனி புஸான். 1974-ல் பிபிசி தொலைக்காட்சியில் அவர் நடத்திய தொடர்தான் அதற்குத் தொடக்கம். அன்று அதற்குத் தேவைப்பட்டது ஒரு வெள்ளைத் தாளும் நாலைந்து கலர் பேனாவும்.

1990-களில் 'மைண்ட் மேனேஜர்' போன்ற மென்பொருட்கள் வந்தன. பிறகு 'ஃப்ரீமைண்ட்', அதிலிருந்து பிரிந்து வளர்ந்த 'ஃப்ரீபிளேன்', 'எக்ஸ்மைண்ட்' ஆகியவை வந்தன. இவை கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்து, ஃபைலையும் அதே கம்ப்யூட்டரில் சேமிக்கிற வகையாகத் தொடங்கியவை. 2007-ல் வந்த 'மைண்ட்மைஸ்டர்' வேறு பாதையில் போனது. இன்ஸ்டால் எதுவும் வேண்டாம்; பிரவுசரைத் திறந்து லாகின் செய்தால் போதும். மேப் இருப்பது கம்பெனியின் சர்வரில். 'காகிள்', 'மிரோ' போன்றவையும் இந்த வகைதான்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் அரசியலமைப்புச் சட்டத்தின் பகுதிகளை மேப்பாகப் போட்டு வைக்கிறார். ஐடி ஊழியர் புராஜெக்ட்டைக் கிளை கிளையாகப் பிரிக்கிறார். ஆராய்ச்சி மாணவர் ஆய்வேட்டின் அத்தியாயங்களை அடுக்குகிறார். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. அனுப்பிய மெயில் தொலைந்தால், வாங்கியவரிடம் ஒரு பிரதி இருக்கும். ஆனால் மைண்ட் மேப் பெரும்பாலும் ஒருவர் தனக்காகவே வரைந்தது. பாதி யோசனையில் நிற்பது. அது போனால் யாரிடமும் கேட்டு வாங்க முடியாது. அதனால்தான் 'எங்கே சேமிப்பது' என்பதை அலட்சியமாக விட முடியாது.

கிளவுட் பக்கத்து நியாயம்

'எதையும் கிளவுடில் வைக்காதே, கையில் வைத்துக்கொள்' என்று சொல்வது சுலபம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளிலும் அலுவலகங்களிலும் கம்ப்யூட்டர்களும் ஹார்டு டிஸ்க்குகளும் சேர்ந்தேதான் மூழ்கின. லேப்டாப் பழுதாகும், பஸ்ஸில் போன் திருடுபோகும், ஹார்டு டிஸ்க் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். ஒரே ஒரு கருவியில் ஒரே ஒரு பிரதி இருந்தால், அந்தக் கருவியின் ஆயுள்தான் அந்த ஃபைலின் ஆயுளும்.

போனில் இது இன்னும் மோசம். ஆண்ட்ராய்டில் ஒரு செயலி தனக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் சேமிக்கும் ஃபைல்கள், அந்தச் செயலியை அன்இன்ஸ்டால் செய்தவுடன் சேர்ந்தே அழிந்துவிடும். போனில் இடம் இல்லை என்று செயலியை நீக்கிவிட்டு, மறுநாள் மீண்டும் போட்டுப் பார்த்தால் மேப் இருக்காது. 'போனிலேயே இருக்கு' என்று நம்பியிருந்தவருக்கு அப்போதுதான் விஷயம் புரியும்.

கிளவுடின் வசதிகளும் சாதாரணமானவை அல்ல. சென்னையில் இருப்பவரும் சிங்கப்பூரில் இருப்பவரும் ஒரே மேப்பில் ஒரே நேரத்தில் கை வைக்கலாம். நேற்றைய வடிவத்துக்குத் திரும்பிப் போகும் வசதி பல சேவைகளில் உண்டு. புது போன் வாங்கினால் லாகின் செய்தால் போதும், எல்லாம் வந்துவிடும். குழுவாக வேலை செய்கிறவர்களிடம் 'இதெல்லாம் வேண்டாம்' என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

கிளவுட் கைவிட்டால்?

'கிளவுட்' என்ற சொல் கேட்க மேகம் போல மிதக்கிறது. உண்மையில் அது இன்னொருவருடைய கட்டடத்தில், இன்னொருவருடைய கம்ப்யூட்டரில் இருக்கும் இடம். வாடகை வீடு மாதிரி. வசதியாக இருக்கும், ஆனால் சில முடிவுகள் வீட்டுக்காரர் கையில். ஜாம்போர்டைப் போலச் சேவையே மூடப்படுவது அதில் ஒன்று. இன்னும் மூன்று இருக்கின்றன.

முதலாவது, விதி மாறுவது. 'எவர்நோட்' குறிப்பெடுக்கும் செயலியைப் பல ஆண்டுகளாக இலவசமாகப் பயன்படுத்தி வந்தவர்களுக்கு 2023 டிசம்பரில் ஒரு வரம்பு வந்தது: இனி 50 குறிப்புகள், ஒரே ஒரு நோட்புக். பழைய குறிப்புகளை அவர்கள் படிக்கலாம், வெளியே எடுக்கலாம். புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். அது கம்பெனியின் உரிமைதான். ஆனால், இலவசம் என்று நம்பி ஆயிரக்கணக்கில் குவித்தவருக்கு, குவித்ததே தன்னைக் கட்டிப்போடும் கயிறாகிவிடுகிறது.

இரண்டாவது, கதவு சாத்தப்படுவது. குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்குப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது தடை விதித்தது. அதைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. பணம் கட்டி வாங்கிய சேவை, தங்கள் சொந்தத் தரவையே தாங்கள் தொட முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் சேவை திரும்பியது. இந்தியாவில் இயங்கும் இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே வக்கீல் வைத்துத்தான் கதவு திறந்தது என்றால், இலவசக் கணக்கு வைத்திருக்கும் ஒரு மாணவர் யாரிடம் போய் நிற்பார்?

மூன்றாவது, விபத்து. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜோன் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலை ஆவணங்களைச் சேமிக்கப் பயன்படுத்திய 'ஜி-டிரைவ்' என்ற கிளவுட் அந்தத் தீயில் அழிந்தது. அதில் இருந்தது 858 டெராபைட் தரவு. கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே வேறு பேக்கப் வைக்கப்படவில்லை. அலுவலகக் கம்ப்யூட்டரில் வைக்காமல் ஜி-டிரைவில் சேமியுங்கள் என்று ஊழியர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னதைக் கேட்டு நடந்தவர்களுக்குத்தான் அதிக இழப்பு.

சிங்க் வேறு, பேக்கப் வேறு

'என் ஃபைல் லேப்டாப்பிலயும் இருக்கு, டிரைவ்லயும் இருக்கு. ரெண்டு இடத்துல இருக்கே, அப்புறம் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். தவறுதலாக ஒரு முக்கியக் கிளையை நீக்கிவிட்டு சேவ் செய்தால், அந்தத் தவறும் சில நொடிகளில் எல்லாக் கருவிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் போட்ட ஃபைல் 30 நாட்களில் தானாகவே நிரந்தரமாக அழிந்துவிடும். 31-வது நாள் ஞாபகம் வந்தால் பயனில்லை.

பேக்கப் என்பது தனியாக எடுத்து ஒதுக்கி வைத்த பிரதி. மூலத்தில் என்ன நடந்தாலும் அது அப்படியே இருக்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கம்ப்யூட்டரில் தெரியும் கூகுள் டிரைவ் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் இருக்கும் கூகுள் டாக்ஸ் ஃபைல்களுக்குள் எழுதியது எதுவும் இருக்காது. அது வெறும் முகவரிச் சீட்டு. சரக்கு கூகுளின் சர்வரில். லாகின் இல்லையென்றால் அந்தச் சீட்டால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. பிடிஎஃப்பாகவோ வேர்டு ஃபைலாகவோ டவுன்லோடு செய்தால்தான் சரக்கு கைக்கு வரும்.

ஃபைல் இருக்கு, திறக்கலையே!

எங்கே சேமிப்பது என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. எந்த வடிவத்தில் சேமிப்பது?

இந்தப் பாடத்தைத் தமிழ் கம்ப்யூட்டர் உலகம் ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்டது. யூனிகோடு பரவுவதற்கு முன்பு பாமினி, டாம், டாப், டிஸ்கி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துருவும் குறியீட்டு முறையும் இருந்தன. அந்தக் காலத்தில் தட்டச்சு செய்த ஃபைலை இன்று திறந்தால், உரிய எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகப் பொருளில்லாமல் தெரியும். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும், பழைய ஃபைல்களை மாற்றும் வேலை பல அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் தொடர்ந்தது. அந்த ஃபைல்கள் எல்லாம் சொந்த ஹார்டு டிஸ்க்கில், கையில்தான் இருந்தன. ஆனாலும் படிக்க முடியவில்லை.

மைண்ட் மேப்புக்கு இந்தச் சிக்கல் இரண்டு மடங்கு. கட்டுரை என்றால் வெறும் எழுத்து. எப்படியாவது காப்பி-பேஸ்ட் செய்துவிடலாம். மேப்பில் எழுத்து மட்டும் இல்லை. எது எதன் கிளை, எது எதோடு இணைகிறது, எந்தக் கிளைக்குள் குறிப்பும் இணைப்பும் இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் மேப். பல இலவசச் சேவைகள் 'எக்ஸ்போர்ட்' என்று கொடுப்பது ஒரு படத்தை மட்டும். படம் என்பது மரத்தின் போட்டோ. பார்க்கலாம், பிரேம் போடலாம். அதில் புதுக் கிளை வளர்க்க முடியாது.

எளிதாகத் திறக்கக்கூடிய வடிவங்களும் இருக்கின்றன. ஃப்ரீமைண்டும் ஃப்ரீபிளேனும் சேமிப்பது எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவில். அதைப் படிக்கத் தெரிந்த மென்பொருட்கள் நிறைய. எக்ஸ்மைண்டின் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பெயரில் ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே தரவு தெரியும். ஓபிஎம்எல், மார்க்டவுன் ஆகிய இரண்டும் கிளைகளின் வரிசையைக் காப்பாற்றும். நிறமும் வடிவமும் குறுக்கு இணைப்புகளும் போய்விடும் என்றாலும், யோசனையின் எலும்புக்கூடு மிஞ்சும். எதிலும் திறக்கும், பத்து வருடம் கழித்தும் திறக்கும்.

ஆபீஸ் லாகினில் சொந்தச் சரக்கு

இளம் ஊழியர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. கம்பெனி கொடுத்த மெயில் ஐடியில் ஒரு மேப் செயலியில் சேர்ந்து, அதிலேயே சொந்தப் படிப்பு, இன்டர்வியூ தயாரிப்பு, எதிர்காலத் திட்டம் எல்லாவற்றையும் வரைந்துவிடுகிறார்கள். வேலையை விடும் நாளில் மெயில் ஐடி முடக்கப்படும். அதோடு சேர்ந்து மேப்பும் போகும். கேட்டு வாங்கலாம் என்றாலும் சட்டப்படி அது கம்பெனியின் கணக்கு.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. கம்பெனி ரகசியங்களைத் தனிப்பட்ட இலவசக் கணக்கில் போட்டு வைப்பது. லிங்க் இருந்தால் யாரும் பார்க்கலாம் என்ற அமைப்பை ஒரு வசதிக்காக ஆன் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். 2018-ல் 'ட்ரெல்லோ' பலகைகள் பல, பயனாளர்களே 'பப்ளிக்' என்று வைத்திருந்ததால், பாஸ்வேர்டுகளோடு கூகுள் தேடலில் கிடைத்தது செய்தியானது. யாரும் ஹேக் செய்யவில்லை. கதவு திறந்தே கிடந்தது. இப்போது பல மேப் செயலிகளில் ஏஐ வசதியும் சேர்ந்திருக்கிறது. 'இந்தக் கிளையை விரித்துக் கொடு' என்று கேட்டால், அந்த எழுத்து பெரும்பாலும் இன்னொரு சர்வருக்குப் போய்த்தான் பதிலாகத் திரும்புகிறது. வாடிக்கையாளரின் விவரம் இருக்கும் மேப்பில் அந்தப் பட்டனை அழுத்துவதற்கு முன் யோசிப்பது நல்லது.

சட்டத்தில் ஓர் ஓட்டை

ஐரோப்பாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் சட்டத்தின் 20-வது பிரிவு ஒரு முக்கியமான உரிமையைத் தருகிறது. ஒருவர் ஒரு நிறுவனத்திடம் கொடுத்த தன் தனிப்பட்ட தரவை, இயந்திரம் படிக்கக்கூடிய வடிவில் திரும்பப் பெறலாம். இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம். 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த ஐரோப்பாவின் டேட்டா சட்டம், ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கான தடைகளைக் குறைக்கச் சொல்கிறது.

இந்தியாவில்? 2019-ல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் இந்த 'எடுத்துச் செல்லும் உரிமை' இருந்தது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இல்லை. என்ன தரவு இருக்கிறது என்று அறியும் உரிமை, திருத்தும் உரிமை, அழிக்கச் சொல்லும் உரிமை இருக்கின்றன. இறந்த பிறகு உரிமைகளைக் கையாள ஒருவரை நியமிக்கவும் வழி இருக்கிறது. 'என் சரக்கை உருப்படியான வடிவில் என்னிடம் கொடு' என்று கேட்கும் உரிமை மட்டும் விடுபட்டுவிட்டது.

போன் நம்பரை மாற்றாமலேயே கம்பெனியை மாற்றும் வசதி இந்த நாட்டில் 2011 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. அது வந்த பிறகுதான் 'பிடிக்கலன்னா போயிடுவேன்' என்று வாடிக்கையாளரால் சொல்ல முடிந்தது. அதே பலம் ஆவணங்களுக்கும் வேண்டும். விடுபட்ட உரிமையை அரசு சட்டத்தில் மீண்டும் சேர்க்க வேண்டும்.

சரி, அப்போ என்னதான் செய்வது?

லோக்கலா, கிளவுடா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. 2019-ல் 'இங்க் அண்ட் ஸ்விட்ச்' என்ற ஆய்வுக் குழுவினர் 'லோக்கல்-ஃபர்ஸ்ட்' என்ற கருத்தை முன்வைத்தார்கள். மூலப் பிரதி பயனாளரின் கருவியில் இருக்க வேண்டும். சர்வர் உதவிக்கு இருக்கலாம். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வேலை நடக்க வேண்டும். கம்பெனி மூடினாலும் ஃபைல் திறக்க வேண்டும். இதுதான் அதன் சாரம். 'அப்சிடியன்' போன்ற குறிப்புச் செயலிகள் எல்லாவற்றையும் மார்க்டவுன் ஃபைல்களாகச் சொந்தக் கருவியிலேயே வைப்பது இதற்கு நெருக்கமான வழி. 'சிங்க்திங்' என்ற இலவச மென்பொருள், நடுவில் எந்தக் கம்பெனி சர்வரிலும் சேமிக்காமல் போனையும் லேப்டாப்பையும் நேரடியாக ஒத்திசைக்கிறது.

புதிய செயலியில் இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி மூன்று சோதனைகள் செய்யலாம். ஒரு சின்ன மேப் வரைந்து, போனை ஏரோபிளேன் மோடில் போட்டுத் திறந்து பார்ப்பது. அதை ஓபிஎம்எல்லாகவோ மார்க்டவுனாகவோ எக்ஸ்போர்ட் செய்ய முடிகிறதா, அதற்குப் பணம் கேட்கிறதா என்று பார்ப்பது. எக்ஸ்போர்ட் செய்ததை வேறொரு செயலியில் திறந்து, தமிழ் எழுத்தும் கிளைகளும் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்ப்பது. மூன்றிலும் தேறாத செயலி, ஒரு மீட்டிங்குக்குச் சரி; மூன்று வருடப் படிப்புக்குச் சரிவராது.

ஏற்கெனவே கிளவுடில் குவித்து வைத்தவர்களுக்கு, புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கிய '3-2-1' விதி போதும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில். கிளவுடில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, ஊரில் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று. மாதம் ஒருமுறை, சம்பளம் வரும் நாளில் எக்ஸ்போர்ட் செய்வதென்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஆபீஸ் மேப் ஆபீஸ் கணக்கில், சொந்த மேப் சொந்தக் கணக்கில் என்று பிரிப்பதற்குக் காசு செலவே இல்லை.

செயலி நிறுவனங்களின் பொறுப்பும் இதில் இருக்கிறது. எக்ஸ்போர்ட் பட்டனைக் கட்டணத் திட்டத்துக்குள் ஒளித்து வைப்பது வியாபாரத் தந்திரமாக இருக்கலாம். வரைந்தவரின் யோசனையைப் பணயமாகப் பிடித்து வைப்பதாகவும் அது ஆகிறது. புதிய வசதிகளுக்கு விலை வைக்கட்டும். போட்டுவைத்ததை எடுத்துக்கொண்டு போவதற்கு விலை கேட்கக் கூடாது.

கிளவுடில் வைப்பதில் தவறில்லை. வெளியே வரும் வழி திறந்திருக்கிறதா என்று உள்ளே போகும்போதே பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். சேவையை மூடும் அறிவிப்பு மெயிலில் வந்த பிறகு தேடினால், அந்த வழி கிடைக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.